கோடோ 4-இல் சொந்த சிக்னல்கள்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

கோடோ என்ற கேம் எஞ்சினில், ஏதோ ஒன்று நடந்ததை மற்ற நோட்களுக்கு (கேமின் உறுப்புகளுக்கு) அறிவிப்பது சிக்னல். அதை அனுப்புவது எமிட்; கேட்கும் ஃபங்ஷனோடு இணைப்பது கனெக்ட். கோடோ 3-இல் சிக்னல் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் கேம் ஓடும்போதுதான் தெரியும். 2023 மார்ச்சில் வந்த 4.0 இதைச் சரிசெய்துவிட்டது. ஸ்கிரிப்டுக்குள் செய்த எழுத்துப்பிழை எடிட்டரிலேயே சிவப்பாகிறது. பழைய புராஜெக்டை மாற்ற இதுவே போதுமான காரணம். ஆனால் எமிட்டோடு அனுப்பும் ஆர்க்யுமென்ட்களின் (மதிப்புகளின்) எண்ணிக்கை கேட்கும் ஃபங்ஷனோடு ஒத்துப்போகிறதா என்பது இன்றும் ஓடும்போதுதான் தெரியவரும்.

அதிகம் படுத்துவது வேறு விஷயம். சாதாரணமாக இணைத்த சிக்னலை எமிட் செய்தால், இணைத்த ஃபங்ஷன்கள் எல்லாம் அந்த இடத்திலேயே வரிசையாக ஓடுகின்றன. அதன்பிறகே அடுத்த வரி. உதாரணமாக, சாவியின் ஏரியா2டி-யில் (யாராவது நுழைந்தால் உணரும் பகுதி) பிளேயர் நுழைகிறார். அப்போது ஓடும் பாடி-என்டர்டு ஃபங்ஷன் ‘சாவி எடுத்தாச்சு’ என்ற நம் சிக்னலை எமிட் செய்கிறது. அதைக் கேட்கும் கதவு தன் கொலிஷன் ஷேப்பை (மோதலைக் கணக்கிடும் வடிவத்தை) டிசேபிள் செய்கிறது. உடனே ‘ஃபிளஷிங் குவெரீஸ்’ எரர். எரர் காட்டுவது கதவின் ஸ்கிரிப்டை; காரணமோ ஃபிசிக்ஸ் வேலை முடியும் முன்பே நாம் எமிட் செய்தது. கதவில், மாற்றத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் செட்-டிஃபர்டு போடலாம். கேட்பவர்கள் பலர் என்றால் கனெக்டிலேயே டிஃபர்டு ஃபிளாக் கொடுப்பது நல்லது. அப்படிக் கொடுத்தால் நோடை அனுப்பாமல் தேவையான மதிப்பை மட்டும் அனுப்புங்கள். கேட்பவர் படிக்கும் நேரத்தில் நோடின் நிலை மாறியிருக்கலாம்.

ரெடி என்பது நோட் தயாரானதும் ஓடும் ஃபங்ஷன். சைல்ட் நோடின் ரெடி, அதற்கு மேலுள்ள பேரன்ட் நோடின் ரெடிக்கு முன்பே ஓடிவிடும். பேரன்ட் தன் ரெடியில் கனெக்ட் செய்தால், சைல்ட் ரெடியில் எமிட் செய்தது வீண். எடிட்டரில் இணைத்திருந்தால் வந்து சேரும். ஆனால் பேரன்டின் ஆன்ரெடி வேரியபிள்கள் (ரெடியின்போது மதிப்பு பெறுபவை) அப்போது மதிப்பு இல்லாமல் null ஆகவே இருக்கும்.

ஒரே ஃபங்ஷனை இருமுறை இணைத்தால் எஞ்சின் எரர் காட்டும். லாம்டா (அங்கேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷன்) அப்படியல்ல, ஒவ்வொன்றும் புதிது. மெனு திறக்கும்போதெல்லாம் லாம்டாவை இணைத்தால், மூன்றாம் முறை ஸ்கோர் மூன்று மடங்கு ஏறும், எரரே இல்லாமல்.

ஆட்டோலோடு ஈவென்ட் பஸ், அதாவது எங்கிருந்தும் எட்டக்கூடிய பொது நோடில் சிக்னல்களை வைப்பது, வசதிதான். ஆனாலும் ஸ்கோர், பாஸ் போல கேம் முழுக்கத் தேவைப்படுபவற்றை மட்டும் அதில் வையுங்கள். மற்ற இடங்களில் சைல்ட் மேலே எமிட் செய்யட்டும், பேரன்ட் கீழே நேரடியாக ஃபங்ஷனை அழைக்கட்டும். எல்லாமே பஸ்ஸில் போனால் யார் அனுப்பினார் என்று தேடுவதற்கே நேரம் போய்விடும்.