பெங்களூரு வீட்டின் வெளிக்குழாய்கள்: எந்தப் பைப் எங்கே?

"உள்ளே சி.பி.வி.சி., வெளியே யு.பி.வி.சி." என்பதுதான் பெங்களூருவில் பிளம்பர்கள் பலரும் சொல்லும் திட்டம். முதலாவது சுடுநீரையும் தாங்கும் பிளாஸ்டிக் குழாய், இரண்டாவது குளிர்நீருக்கான கெட்டிப் பிளாஸ்டிக் குழாய். ராமமூர்த்தி நகரிலோ கே.ஆர். புரத்திலோ முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டும் நம்மவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். உள்ளே சரி. ஆனால் வெளியே என்பது ஒரே இடம் அல்ல. சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குச் சுவரோடு ஏறும் குழாய் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறது. தோட்டத்துக் குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது. மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரிலிருந்து இறங்கும் குழாயில் கொதிக்கக் கொதிக்க நீர் ஓடுகிறது. மூன்றுக்கும் ஒரே சரக்கை வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த ஊரில் குழாய் நீர் உறைந்து வெடிக்கும் பயம் கிடையாது. இங்கே எதிரி வெயில்தான். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளுமையாக இருக்கிறது. அந்தக் குளுமையை நம்பி வெயிலின் கடுமையைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் சுவர். யு.பி.வி.சி. எடை குறைவு, துருப்பிடிக்காது, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மேற்பரப்பு வெளுத்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. நீரின் அழுத்தத்தைத் தாங்கும் திறன் பெரிதாகக் குறைவதில்லை. அடி தாங்கும் திறன்தான் போய்விடுகிறது. சில ஆண்டுகள் கழித்து ஏணி சாய்ந்தாலோ தென்னை மட்டை விழுந்தாலோ கீறல் விடும். இதற்கு மாற்று எளிது: வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்டை வெளிர் நிறத்தில் குழாய்க்கும் அடித்துவிடுங்கள். தின்னர் கலக்கும் பெயின்ட் மட்டும் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ.க்கு வெயிலும் பொருட்டல்ல, ஏணியும் பொருட்டல்ல. அதைக் கெடுப்பது நம் போர்வெல் தண்ணீர். இங்கே பல பகுதிகளில் அது கடினநீர். உப்பு உள்ளே படிந்து படிந்து குழாயின் வாய் சிறுத்துக்கொண்டே வரும். மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துருவும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே சுவரில் ஏறுவதற்கு என் தேர்வு பெயின்ட் அடித்த ஷெட்யூல் 80 (சுவர் தடித்த ரகம்) யு.பி.வி.சி. கிளாம்ப்பை இறுக்கிப் பிடிக்காமல், வெப்பத்தில் குழாய் நீள இடம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். ஹோஸ் மாட்டி இழுக்கும் தோட்டத்துக் குழாய்க்கம்பம் மட்டும் ஜி.ஐ.யாக இருக்கட்டும். ஜி.ஐ.யும் பிளாஸ்டிக் குழாயும் சேரும் இடத்தில் பித்தளை மரை உள்ள இணைப்பான் தேவை.

மண்ணுக்குள் போட்டி வேறு. பெரும்பாலோர் அங்கேயும் யு.பி.வி.சி.யையே புதைக்கிறார்கள், நான் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குழாயான எச்.டி.பி.இ. பக்கம். யு.பி.வி.சி. துண்டு துண்டாக வருவதால் நீளமான பாதையில் ஒட்டு கூடுகிறது. பெங்களூருவின் புதிய லேஅவுட்களில் மண் கொட்டி நிரப்பிய மனைகள் நிறைய. மழைக்கு மண் அமரும்போது இழுபடுவது அந்த ஒட்டுகள்தான். எச்.டி.பி.இ. சுருளாக வருகிறது. சம்ப்பிலிருந்து பின்தோட்டம் வரை ஒட்டே இல்லாமல் இழுத்துவிடலாம். மண் அசைந்தால் தானும் வளைந்து கொடுக்கும். ஒன்றரை அடி ஆழம், அடியில் கல் இல்லாமல் மணல், கார் ஏறும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாக மாட்டினால் போதும். சிலர் முனையை நெருப்பில் காட்டி இளக்கி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நட்டை முறுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் கேட்டு வாங்குங்கள். அதன் விலைதான் இந்தத் தேர்வின் ஒரே சுமை. சுவரில் ஏற்றுவதற்கு எச்.டி.பி.இ. ஒத்துவராது: 30 டிகிரி வெப்பம் கூடினால் 10 மீட்டர் குழாய் 6 சென்டிமீட்டர் நீண்டு தொய்ந்துவிடும். ஜி.ஐ.யை மண்ணில் புதைப்பதோ துருவை விலை கொடுத்து வாங்குவது.

சோலார் குழாயில் விவாதத்துக்கே இடமில்லை. யு.பி.வி.சி. 45 டிகிரிக்கு மேல் வலு இழக்கத் தொடங்கும், சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும். வீட்டைப் பூட்டி ஊருக்குப் போகும் நாட்களில் தொட்டி நீர் அதையும் தொடக்கூடும் என்பதால் தொட்டியை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டருக்கு ஜி.ஐ. போட்டு, பிறகு சி.பி.வி.சி.க்கு மாறுவது நல்லது. வெப்பக்காப்பு உறையின் மேல் அலுமினிய டேப் சுற்றாவிட்டால் அந்த உறையையும் வெயில் தின்றுவிடும்.

பட்ஜெட்டில் பலரும் பைப் விலையில் பேரம் பேசி, வால்வில் கை வைக்கிறார்கள். இது தலைகீழான சிக்கனம். குழாய் உடைந்தால் ஆகும் செலவில் பெரும்பங்கு தோண்டவும் டைல்ஸைத் திரும்பப் பதிக்கவும்தான் போகிறது. தோட்டத்துக்குப் பிரியும் இடத்தில் தனி பால் வால்வும் (கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பி மூடுவது) யூனியனும் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்தால் வீட்டு நீரை நிறுத்தாமலே பழுது பார்க்கலாம். பல சுற்று திருகி மூடும் கேட் வால்வு மலிவாகக் கிடைத்தாலும் கடினநீரில் இறுகிவிடுகிறது. பால் வால்வையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும்.

குழாய்ப் பாதை வரையும்போதே குடிநீர் வாரியம் தரும் காவிரி நீரையும் தோட்டத்து நீரையும் பிரித்துவிடுங்கள். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மலையேற்றிக் கொண்டுவரும் நீரை ரோஜாச் செடிக்கு ஊற்ற எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது ஏறத்தாழ 90,000 லிட்டர். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்தாலே தோட்டத்துக்குப் பெரும் துணை. மழைநீர்க் குழாயையும் காவிரிக் குழாயையும் வால்வு வைத்துக்கூட இணைக்கக் கூடாது. வால்வு கசிந்தால் அழுக்கு நீர் குடிநீரில் கலந்துவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க, கோடை தொடங்கும் முன் ஓர் இரவு வீட்டுக் குழாய்களையும் தோட்டத்துக் குழாய்களையும் மூடி, தோட்டத்து வால்வைத் திறந்து வைத்து, தோட்டத்துக்கு நீர் தரும் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் மறுநாள் இரவு அந்த வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது இறங்காவிட்டால் கசிவு தோட்டத்துப் பாதையில்தான் இருக்கிறது. முதலில் தோண்ட வேண்டியது ஒட்டு உள்ள இடங்களை.