19 நாள் நின்றுபோன மெஷினும், எங்கள் நகரில் இல்லாத உதிரிபாகக் கடையும்

பக்கப் பலகை கழற்றப்பட்ட நிலையில் 19 நாள்கள் மேசைக்கு அடியில் கிடந்த என் டெஸ்க்டாப், கடந்த வாரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. மறுநாளே நண்பர் ஒருவர் அழைத்து, "ஆறு வருடமாக அதைப் புகழ்ந்துகொண்டேதான் இருக்கிறீர்கள், நானும் உங்களைப் போலவே பாகம் பாகமாக வாங்கி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் அரைகுறையாக முடிந்துவிட்டது. முழுப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மெஷினைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. 2019-இன் இறுதியில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 3600 ப்ராசஸரையும், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் 400 வரிசையைச் சேர்ந்த பி450-ஐயும் வாங்கிச் சேர்த்தேன். அடுத்த தலைமுறை ப்ராசஸர்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடமாட்டா என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தபோது மனம் சோர்ந்தது; பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் அந்நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. அதனால்தான் 2022-இல் போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, ப்ராசஸர் உட்காரும் அதே சாக்கெட்டில் ரைசன் 5 5600-ஐ வைக்க முடிந்தது. கோர்களின் எண்ணிக்கை பழையபடி ஆறுதான், மின்சாரத் தேவையும் அதே 65 வாட் வகைதான். ஆனால் முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை அச்சுக்கோப்பாக மாற்றும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் என் வழக்கம் அன்றோடு நின்றது. பெட்டியையும் ரேமையும் டிஸ்கையும் அப்படியே வைத்துக்கொண்டு, தீப்பெட்டி அளவுள்ள ஒரு பாகத்தை மாற்றி முழுக் கணினியையும் புதிதாக்கிய அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புத்தக வடிவமைப்பு என் தொழில்; அதற்கு இதைவிட நல்ல கருவி எனக்கு வாய்த்ததில்லை.

என் எரிச்சல் முழுவதும் வேறிடத்தில் இருக்கிறது. இந்த நகரில் கணினி உதிரிபாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய ஒரு கடை இல்லை. லேப்டாப் விற்கிறார்கள், பிரிண்டருக்கு மை நிரப்பித் தருகிறார்கள். கணினிக்குள் மின்சாரம் தரும் பவர் சப்ளை வேண்டும் என்று கேட்டால் வரவழைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வரவழைப்பதை நானே வீட்டிலிருந்து செய்துகொள்வேன். எனக்குத் தேவை அன்றைக்கே கைக்குக் கிடைக்கும் பாகம்.

அப்படியொரு கடையின் அருமை முதலில் தெரிந்தது ஒரு திருகாணியால். சில ஆண்டுகளுக்கு முன் கோப்புகளைச் சேமிக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பட்டையை ஸ்லாட்டில் செருகினால் மறுமுனை சாய்வாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அழுத்திப் படியவைத்து ஒரு சிறிய திருகாணியால் முடுக்க வேண்டும். போர்டோடு வந்த அந்தத் திருகாணியைத் தொலைத்திருந்தேன். 2 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் நீளமும் உடைய அது, கேபினெட்டோடு வரும் பெரிய திருகாணிகளோடு எந்த விதத்திலும் ஒத்துப்போகாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் விசாரித்தேன், கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமும் கேட்டேன், மரை பொருந்தவில்லை. கடைசியில் இணையத்தில் வாங்கினேன். ஒன்று தேவைப்பட்ட இடத்தில் ஐம்பது கொண்ட பொட்டலம், நான்கு நாள் கழித்து வந்தது. மீதி நாற்பத்தொன்பதும் மேசை இழுப்பறையில் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த முறை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

ஓர் இரவு பொத்தானை அழுத்தினேன். மின்விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அதே கால் சுற்று. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றினேன், ரேமில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன், போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றினேன். எங்கள் நகரிலேயே உடனடியாகக் கிடைத்த ஒரே பாகம் அந்த வில்லை பேட்டரிதான். பலனில்லை. கோளாறு பவர் சப்ளையிலா, மதர்போர்டிலா என்பதுதான் கேள்வி.

பவர் சப்ளையைச் சோதிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. 24 முனை இணைப்பியில் பச்சை ஒயரையும் பக்கத்திலுள்ள கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், போர்டு இல்லாமலேயே பவர் சப்ளை இயங்கும். இணைத்தேன், விசிறி நன்றாகச் சுழன்றது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் தடம் 12.1 காட்டியது, 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பதால் அது சரியான அளவுதான். ஆகவே பழுது போர்டில் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவு தவறு. சுமை ஏதுமில்லாமல் சரியான வோல்ட்டைக் காட்டும் பவர் சப்ளை, ப்ராசஸர் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கும் கணத்தில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளலாம். பேப்பர் கிளிப் சோதனை அது உயிரோடிருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, சுமை தாங்குமா என்பதைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள உறுதியான வழி, நன்றாக ஓடும் இன்னொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான். அந்த இன்னொன்றுக்கு நான் எங்கே போவது?

புதிய போர்டு வர ஆறு நாள் ஆனது. வாங்கும்போதே ஒரு கவலை இருந்தது. பழைய பயாஸோடு வந்துவிட்டால் 5600 ப்ராசஸரை அது அடையாளம் காணாது, பயாஸைப் புதுப்பிக்கவோ என்னிடம் வேறு ப்ராசஸர் இல்லை. எனவே ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸை ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகத் தேடி எடுத்தேன். கடையாக இருந்தால் விற்கும் முன்பே அதைச் செய்து கொடுத்துவிடுவார்கள்.

அதைவிடக் கடினமானது பழைய போர்டிலிருந்து ப்ராசஸரைப் பிரிப்பது. என் போர்டிலுள்ள ஏஎம்4 வகை சாக்கெட்டின் பலவீனம் இதைக் கழற்றியவர்களுக்குத் தெரியும்: ப்ராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால், ஹீட் சிங்கைத் தூக்கும்போது நெம்புகோல் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும் என்பார்கள். ஓடாத மெஷினை எப்படி ஓட்டுவது? தலைமுடி உலர்த்தும் கருவியால் ஹீட் சிங்கின் அடிப்பகுதியைச் சில நிமிடங்கள் சூடாக்கி, இடமும் வலமுமாகத் திருகினேன். அப்படியும் ப்ராசஸர் ஒட்டிக்கொண்டேதான் வந்தது. விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தபோது, 1331 ஊசிகளில் மூலையிலிருந்த ஒன்று வளைந்திருந்தது. லெட் போடும் பென்சிலின் வெறும் முனைக்குழாயை அந்த ஊசியின் மேல் கவிழ்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினேன். ஒடிந்திருந்தால் ப்ராசஸரையும் வாங்கியிருக்க வேண்டும். 2022-இல் வந்த அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-இல் ஊசிகளைச் சாக்கெட்டின் பக்கம் மாற்றிவிட்டார்கள். ப்ராசஸர் இப்படிப் பிடுங்கிக்கொண்டு வரும் தொல்லை அதில் இல்லை.

புதிய போர்டில் எல்லாவற்றையும் பொருத்திப் பொத்தானை அழுத்தினேன். கால் சுற்று.

அன்றிரவு பவர் சப்ளைக்கு ஆர்டர் போட்டேன். வழியில் எங்கோ தாமதமாகி ஒன்பது நாள் கழித்து வந்தது. பழைய ஒயர்கள் கேபினெட்டின் பின்புறம் அழகாக வரிந்து கட்டப்பட்டிருந்ததால், அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகிவிடலாமா என்று ஒரு கணம் கை போனது. நண்பரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளைகளில், போர்டு பக்கத்து முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான்; பவர் சப்ளை பக்கத்து முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒன்றின் ஒயரை இன்னொன்றில் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்குகள் எரிந்துவிடலாம். எனவே எல்லா ஒயர்களையும் உருவிப் புதிதாக இழுத்துக் கட்டினேன். பொத்தானை அழுத்தியதும் விசிறி முழுச் சுற்றுச் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது.

கடை இருந்திருந்தால் இந்த 19 நாளும் பத்து நிமிடமாகச் சுருங்கியிருக்கும். மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மேசைமேல் சோதனைக்கென்றே வைத்திருக்கும் பவர் சப்ளையை மாட்டிப் பார்த்து, "போர்டு நன்றாக இருக்கிறது, இதை மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த நாள்களில் இரவல் வாங்கிய லேப்டாப்பின் சிறு திரையில் பக்கங்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டையும், ஒரு பதிப்பாளரிடம் இருமுறை தவணை கேட்டதையும் மறக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆகும்.

இணைய விற்பனையாளர்களை நான் திட்டவில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்த மெஷினே உருவாகியிருக்காது. எந்த நகரத்துக் கடையும் வைத்திருக்க முடியாத அளவு ரகங்கள் அங்கே இருக்கின்றன, பெட்டிகள் பத்திரமாக வந்து சேர்கின்றன. தேவையற்றுப்போன போர்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று விற்றவர் எழுதியபோது கோபம் வந்தது; யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம் தவறில்லை, போர்டில் பழுதில்லை, உறையைப் பிரித்தவன் நான். ஆனாலும் கோபம் முழுவதும் தணியவில்லை. ஹீட் சிங்கின் உயரம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்பதை எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிடலாம். ஒரு கீபோர்டின் விசை விரலுக்கு எப்படிப்படும், விசிறியின் ஒலி இரவில் தொந்தரவு செய்யுமா என்பதைப் புகைப்படம் சொல்லாது.

கடை வைப்பவரின் சிரமமும் எனக்குப் புரிகிறது. டிடிஆர்4 வகை ரேமை அடுக்கி வைத்திருப்பவர், அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வந்ததும் என்ன செய்வார்? ப்ராசஸர்களும் கிராபிக்ஸ் கார்டுகளும் அடுத்த தலைமுறை வந்த மாதமே மதிப்பிழக்கின்றன. வருகிறவர்களில் பாதிப்பேர் பொருளைத் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குவார்கள். என் வரையில் நான் உறுதியாகச் சொல்வேன், கூடுதல் விலை கொடுத்தாவது அங்கேதான் வாங்குவேன். பெரிய கடை வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு மூன்று அளவில் பவர் சப்ளை, சாக்கெட்டுக்கு ஒரு போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஒயர்கள், பேஸ்ட், திருகாணி, மாட்டிப் பார்க்க ஒரு மேசை. விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். தெருவில் ஏதாவது ஒரு கடைக்குப் புதிதாகப் பெயர்ப்பலகை ஏற்றுவதைப் பார்த்தால், இதுவாக இருக்குமோ என்று வண்டியை நிறுத்திப் படித்துவிட்டுத்தான் போகிறேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இப்போது சேர்க்க வேண்டாம். பழுதானால் ஆள் வீட்டுக்கே வந்து சரிசெய்து தரும் உத்தரவாதத்தோடு, முழுதாகச் சேர்த்து விற்கும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒருவேளை உங்களுக்குப் பிடித்த பாகங்கள் இருக்காது, பின்னாளில் மாற்றுவதற்கும் இடம் குறைவாக இருக்கும். எனக்கு 2022-இல் கிடைத்த அந்த மாலை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் வேலை நின்றுபோய் 19 நாள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். என் மெஷினை நான் மாற்றப்போவதில்லை, இதை எழுதுவதும் அதில்தான். புதிய போர்டை அதிலேயே விட்டுவிட்டேன். பழையது பழுதில்லாமல் உறைக்குள் அலமாரியில் இருக்கிறது. கடை ஒன்று திறந்த பிறகு சேர்க்க நினைத்தால் முதலில் என்னிடம் வந்து அதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்ற பாகங்களைப் பார்க்கக் கடைக்கு நானும் கூட வருகிறேன்.