சிறுநீர் அடைப்பு: ஸ்கேனில் எந்த அளவை நம்பலாம்?

‘சிறுநீர்ப்பைச் சுவர் தடித்துள்ளது’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி வரும். அளக்கும்போது பையில் எத்தனை மி.லி. இருந்தது என்று பக்கத்தில் எழுதவில்லை என்றால் அந்த வரியால் பிரயோஜனமில்லை. காலியான பையில் யாருக்கும் சுவர் சுருங்கித் தடிப்பாகத்தான் தெரியும்.

ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் ஆண்களுக்கு, சிறுநீரை வெளியே தள்ள டெட்ரூசர் (பைச் சுவரிலுள்ள தசை) அதிகமாக உழைத்து, நாளடைவில் பருத்துவிடுகிறது. அதை அளக்க இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன.

பழைய வழி, முழுச் சுவரையும் அளப்பது. 150 மி.லி. நிரம்பியதும் வயிற்று ஸ்கேனுக்கான வளைந்த 3.5 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபில் (உடல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) பார்ப்பார்கள். 5 மி.மீ.க்கு மேல் போனால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். எந்த ஸ்கேன் சென்டரிலும் செய்துவிடலாம் என்பதுதான் இதன் பலம். ஆனால் 150 மி.லி. அளவில் சுவர் இன்னும் விரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் கூடக் குறைய நிரம்பினாலும் அளவு மாறும். சிறுநீர்த் தொற்றில் உள்படலம் வீங்கியிருந்தால் அந்த வீக்கமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது, தசையை மட்டும் அளப்பது. என் ஓட்டு இதற்குத்தான். 250 மி.லி.யைத் தாண்டியபின் தசையின் தடிமன் பெரிதாக மாறுவதில்லை. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அடைப்பு. ஓல்கெ என்ற சிறுநீரியல் மருத்துவரின் குழு 2007-ல் 160 ஆண்களிடம், குழாய் செலுத்திப் பையின் அழுத்தத்தை அளக்கும் அழுத்தச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், அடைப்பு என்று இந்த அளவு சொன்னவர்களில் 94 சதவீதம் பேருக்கு அடைப்பு உண்மையாகவே இருந்தது.

செய்முறை: தண்ணீர் குடிக்கவைத்து, நன்றாக முட்டும்வரை காத்திருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 250-க்குக் குறைந்தால் இன்னும் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு 7.5 மெகாஹெர்ட்ஸ் லீனியர் (நேர்முனை) ப்ரோபுக்கு மாறி, அடிவயிற்றில் அழுத்தாமல் வைத்து, முன்சுவரைப் பெரிதாக்குங்கள். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டை தெரியும். அதுதான் தசை. கறுப்பை மட்டும் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். வெள்ளையையும் சேர்த்து அளந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடுத்தது சாய்வு: ப்ரோப் 30 டிகிரி சாய்ந்தால் 1.8 மி.மீ. தசை 2.1 என்று காட்டும், இல்லாத அடைப்பு ரிப்போர்ட்டில் ஏறிவிடும். வயிற்றில் கொழுப்பு அதிகமுள்ளவர்களிடம் லீனியர் ப்ரோபின் அலை ஆழம்வரை போகாது. அங்கே பழைய வழியைத் தவிர வேறில்லை.

சுவர்த் தடிமனையும் கொள்ளளவையும் வைத்து பையின் எடையைக் கணக்கிட்டு, 35 கிராமை எல்லையாக வைப்பவர்களும் உண்டு. காகிதத்தில் அழகாக இருக்கும். பையை உருண்டையாக வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 250 மி.லி. பையில் 1.5 மி.மீ. என்றால் சுமார் 30 கிராம், 2 மி.மீ. என்றால் 40. அரை மி.மீ. தவறினால் தீர்ப்பே மாறிவிடுகிறது.

மீதச் சிறுநீர் (கழித்தபின் பையில் தங்குவது), யூரோஃப்ளோ (சிறுநீர் போகும் வேகம்) இரண்டையும் அளப்பது எளிது. ஆனால் தசை பலவீனமானாலும் வேகம் குறையும், மீதமும் தங்கும். அடைப்பா பலவீனமா என்று இவை பிரித்துச் சொல்லாது. அதைப் பிரிப்பது கெத்தீட்டர் குழாய் போட்டுச் செய்யும் அழுத்தச் சோதனைதான். உச்ச வேகத்தின்போது உள்ள டெட்ரூசர் அழுத்தத்திலிருந்து அந்த வேகத்தின் இரு மடங்கைக் கழித்து 40-க்கு மேல் வந்தால் அடைப்பு, 20-க்குக் கீழே என்றால் இல்லை. செலவு, வலி, தொற்று அபாயம் என்று தொல்லைகள் உண்டு என்பதால் எல்லோருக்கும் வேண்டாம்.

யாருக்கு வேண்டும்? தசை 2 மி.மீ.க்குக் குறைவாக இருந்தும் மீதம் நிறையத் தங்குபவருக்கு அவசியம் வேண்டும். நாள்பட்ட அடைப்பில் பை தளர்ந்து சுவர் மெலிந்துபோயிருக்கலாம். ‘தடிப்பு இல்லை’ என்பதை ‘அடைப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கும் வேண்டும். அவர்களுக்கு நரம்புக் கோளாறாலேயே தசை பருத்திருக்கலாம்.

2 மி.மீ. எல்லை வளர்ந்த ஆண்களுக்கானது. குழந்தைகளுக்கு முழுச் சுவரையே அளப்பார்கள்: நிரம்பிய பையில் 3 மி.மீ., காலியான பையில் 5 மி.மீ. வரை இயல்பு.