ஆறு மாதம் ஆடிப் பார்த்த மூளைப் பயிற்சி செயலி: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. பழகிய ஆட்களின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுவிடும், யாராவது அறிமுகப்படுத்தினால் அடுத்த நிமிஷமே அந்தப் பெயர் காணாமல் போயிருக்கும். புலம்பலைக் கேட்டு அலுத்துப்போன மகள், போனில் ஒரு மூளைப் பயிற்சி செயலியை ஏற்றி ஒரு வருஷச் சந்தாவும் கட்டிவிட்டாள். அதன் பெயர் வேண்டாம்.

தினமும் கால் மணி நேரம், ஐந்து விளையாட்டு. எனக்குப் பிடித்தது ஒன்றுதான். திரையின் நடுவில் ஒரு படம் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறையும், அதே நொடி ஓரத்தில் எங்கோ ஒரு புள்ளி தோன்றும், இரண்டையும் சரியாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் புள்ளி வந்ததே தெரியவில்லை. மூன்றாம் மாதம் தானாகவே கண்ணில் பட ஆரம்பித்தது, உள்ளுக்குள் ஒரு பெருமை.

'மூளை வயது' என்று ஒன்று காட்டுகிறார்கள், அதுதான் எரிச்சல். ராத்திரி தூக்கம் கெட்ட ஒரு காலையில் 79 என்றது. மதியம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து ஆடினேன், 61. அரை நாளில் 18 வயது குறைகிறது என்றால் அது அளப்பது தூக்கத்தைத்தான். போதாக்குறைக்கு எண்கள் பொடிப்பொடியாக இருக்கும், 7-ஐத் தொட்டால் 8 பதிவாகும். தப்பு விரலுடையதா மூளையுடையதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

சரி, மறதி குறைந்ததா? சொற்பட்டியலைப் பார்த்து ஒப்பிக்கும் விளையாட்டில் 12-க்கு 12 வாங்குகிறேன், பெயர்கள் விஷயத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 2,832 பேரை வைத்து ஆக்டிவ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. நினைவுப் பயிற்சி எடுத்தவர்கள் நினைவுச் சோதனையில் தேறினார்கள், கண்ணில் பட்டதைச் சட்டென்று பிடிக்கும் வேகப் பயிற்சி எடுத்தவர்கள் வேகத்தில் தேறினார்கள், ஒன்றின் பலன் மற்றொன்றுக்குத் தாவவில்லை. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது வேகத்துக்கும் தர்க்கத்துக்கும் எடுத்த பயிற்சியின் பலன் மிச்சமிருந்தது, நினைவுப் பயிற்சியின் பலன் நிற்கவில்லை. அந்தப் புள்ளி விளையாட்டும் வேகப் பயிற்சி வகைதான், அது பிடித்துப்போனதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்தச் செயலியால் ஒரு நல்லது நடந்தது, அதுவும் அவர்கள் திட்டமிட்டது இல்லை. ஒலிகளை வரிசையாகக் கேட்டு நினைவில் வைக்கும் விளையாட்டில் நான் எப்போதும் மோசம். "கவனத்திறன் குறைவு, தொடர்ந்து பயிற்சி செய்யுங்கள்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது, நானும் இரண்டு மாதம் விடாமல் மல்லுக்கட்டினேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள், "அப்பா, நடுவில் கீச்சென்று ஒரு சத்தம் வருதே, அதை ஏன் விடுறீங்க?" என்றாள். எனக்கு அப்படி ஒரு சத்தமே வரவில்லை! காதைச் சோதித்தால் இரண்டு பக்கமும் கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன் தேய்ந்திருக்கிறது, வயதானால் முதலில் போவதே அதுதானாம். பாதிப் பெயர்களை நான் மறக்கவில்லை, சரியாகக் கேட்கவே இல்லை. டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்குத் தவிர்க்கக்கூடிய 14 காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் தந்த பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. கவனம், கவனம் என்று நச்சரித்த செயலி, ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது "காது கேட்கிறதா?" என்று கேட்டிருக்கலாம்.

காதுக் கருவி மாட்டி மூன்று வாரம் ஆகிறது. அறிமுகமாகிறவர்களின் பெயர் இப்போது ஓரளவு தங்குகிறது. பழைய ஆட்களின் பெயர் பழையபடிதான் நழுவுகிறது, அது வேறு கணக்கு.

வாங்க நினைப்பவர்கள் முதலில் காதையும் கண்ணையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் இப்போது புள்ளி விளையாட்டை மட்டும் ஆடுகிறேன், அதற்கு இரண்டு நட்சத்திரம். மூன்றாவதும் கொடுத்திருப்பேன், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை நிறுத்தும் பொத்தானை நாலு பக்கம் தாண்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதைத் தேடவே இருபது நிமிஷம் ஆனது.