மீகடத்தி டையோடு அளவீட்டுக்கு டிடி-670 வெப்பமானி: வாங்கலாமா?

மிகக் குளிரில் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருள் மீகடத்தி. அதில் செய்த டையோடில் ஒரு திசையில் தடையே இல்லாமல் மின்னோட்டம் பாயும். அதே அளவை எதிர்த்திசையில் செலுத்தினால் தடை தலைகாட்டும். தடையில்லாமல் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் இரு திசைகளிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் அளவீடு. வெப்பநிலை சற்றே நகர்ந்தாலும் அந்தக் கணக்கு கெட்டுவிடும். அதனால்தான் வெப்பமானியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

லேக் ஷோர் நிறுவனத்தின் டிடி-670, வெப்பநிலையை வோல்ட்டாகக் காட்டும் ஒரு சாதாரண சிலிக்கான் டையோடு. 10 மைக்ரோஆம்பியர் நிலையான மின்னோட்டம் கொடுத்தால் 77 கெல்வினில் சுமார் 1.03 வோல்ட், 4.2 கெல்வினில் சுமார் 1.58 வோல்ட் காட்டும். 1.4 கெல்வினுக்குக் கீழே பயன்படாது. நான்கு கம்பி இணைப்பு (இரண்டு மின்னோட்டத்துக்கு, இரண்டு வோல்ட் அளக்க) கட்டாயம். கம்பி பாஸ்பர் பிரான்ஸ் என்ற செம்புக் கலவையாக இருக்கட்டும், தனிச் செம்பு வெளிச்சூட்டை உள்ளே இழுத்து வந்துவிடும். கம்பியைக் குளிர்ந்த செம்புத் தூணில் பல சுற்று சுற்றி வார்னிஷ் பூசி ஒட்டுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது இரைச்சல். கம்பியில் புகும் மாறுமின்னோட்டத்தை வெப்பமானி டையோடு தன் இயல்புப்படி ஒருதிசை மின்னோட்டமாக்கிவிடும். வோல்ட் குறைந்து, உண்மையைவிடச் சூடாகக் காட்டும். வெப்பமானிக்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்துப் பாருங்கள். அளவு நகர்ந்தால் இரைச்சல் இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய குறை காந்தப்புலம். 60 கெல்வினுக்குக் கீழே புலத்தில் இதை நம்ப முடியாது. பல மீகடத்தி டையோடுகளுக்கோ புலம் இல்லாமல் வேலையே இல்லை. புலம் தேவைப்படும் மாதிரிக்குக் கூடுதல் செலவானாலும், காந்தப்புலத்தில் அதிகம் தடுமாறாத செர்னாக்ஸ் என்ற மின்தடை வெப்பமானியை வாங்குங்கள். குளிர்விப்பானின் செம்புத் தட்டைக் கண்காணிக்க மட்டும் என்றால் டிடி-670 தாராளமாகப் போதும்.