ஆயில் அண்ட் கேஸ் கோர்ஸ், நூறு சதவீத வேலை என்று போன் வருகிறதா? மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் மெக்கானிக்கல் முடித்த பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் ரிசல்ட் வந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடும். எண்ணெய், கேஸ் குழாய்களின் வெல்டிங்கை உடைக்காமலே பழுது உண்டா என்று சோதிக்கச் சொல்லித் தரும் 3 மாதக் கோர்ஸ், நூறு சதவீத பிளேஸ்மென்ட், கல்ஃபில் இன்ஸ்பெக்டர் வேலை. இதுதான் பேச்சு. அப்படி ஒரு மையத்தில் 95,000 ரூபாய் கட்டிப் படித்தவன் நான். மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, ஒன்று மூடினால் அடுத்த தெருவில் வேறு போர்டு மாட்டுவார்கள். ஏமாற்றும் முறை மட்டும் மாறாது. அதைத்தான் முழுசாக எழுதுகிறேன்.

2023-இல் சேர்ந்தேன். அப்பா ரப்பர் பால்வெட்டு வேலை பார்ப்பவர். அன்றைக்கு வெட்டை முடித்துவிட்டு என்னோடு தம்பானூர் வந்தார். கவுன்சிலர் என்று உட்கார்ந்திருந்த பெண், நெய்யாற்றின்கரைப் பக்கம், தமிழும் மலையாளமும் கலந்து நன்றாகப் பேசினார். "அங்கிள், ஆறு மாசத்துல மோன் அபுதாபியில இருப்பான். ஒண்ணும் பேடிக்கண்டா (பயப்பட வேண்டாம்)" என்றார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வேலைன்னு எழுதித் தருவியளா மக்ளே?" எல்லாம் எக்ரிமென்டில் உண்டு என்று பதில் வந்தது.

எக்ரிமென்ட் 100 ரூபாய் பத்திரத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. வேலை தருகிறோம் என்று அதில் எந்த வரியும் கிடையாது. வேலை தேட உதவுவோம் என்று இருந்தது. கட்டிய பணம் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பத் தரப்படாது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்பணம் 15,000. மீதிக்கு அம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போனது. பணத்தை நிறுவனத்தின் கணக்கில் வாங்கவில்லை, ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். கொடுத்த ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. அட்டெஸ்டேஷனுக்கு வேண்டும் என்று சொல்லி பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பி.இ. சான்றிதழ் எல்லாவற்றையும் அசலாகவும், கூடவே பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த அசல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பின்னால் வருகிறேன்.

வகுப்பில் நாற்பதுக்கும் மேல் பேர். பாதிக்கு மேல் நம் மாவட்டப் பையன்கள், சிலர் செங்கோட்டை, தென்காசிப் பக்கம். எல்லாருக்கும் சேர்த்து, ஒலி அலை விட்டுப் பழுது பார்க்கும் அல்ட்ராசோனிக் மெஷின் ஒரே ஒன்று. அதையும் சார்தான் பிடித்திருப்பார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். கதிர் செலுத்திப் படம் எடுக்கும் ரேடியோகிராஃபி என்றால் பழைய ஃபிலிம் நாலைந்தை வெளிச்சப் பெட்டியில் காட்டியதோடு சரி. கதிரியக்க மூலம் வைத்து வேலை செய்ய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், ரேடியோகிராஃபராக நிற்பவருக்கும் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தேர்ச்சி வேண்டும் என்பதை அங்கே யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பெனட்ரன்ட் டெஸ்ட் ஒன்றுதான் கையால் செய்ய விட்டார்கள். வெல்டிங் மேல் சிவப்புச் சாயம் அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மேலே இருக்கும் சாயத்தைத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடு எழும்பி வரும். துடைக்கும்போது கரைப்பானைத் துணியில்தான் அடிக்க வேண்டும். நேரே வெல்டிங் மேல் அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் சேர்ந்து கழுவிப் போய்விடும், பழுது இருந்தும் இல்லாததுபோல் தெரியும். இந்தத் துறையின் விதிநூலிலேயே (கோட்) கூடாது என்று இருக்கிற விஷயம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நேரே அடித்துத்தான் காட்டினார். அதே பழக்கத்தோடு ஒரு பையன் ரிஃபைனரிக்குள் போய் ஒரு ஜாயின்டை ஓகே என்று எழுதினால் என்ன ஆகும்? அந்தக் குழாயில் ஓடப்போவது பெட்ரோலும் கேஸும். இதை நினைக்கும்போது பணம் போனதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.

கடைசியில் சான்றிதழ் தந்தார்கள். ஆர்டி (ரேடியோகிராஃபி), யுடி (அல்ட்ராசோனிக்), எம்டி (காந்தத் துகள் சோதனை), பிடி (பெனட்ரன்ட்), விடி (கண்ணால் பார்க்கும் சோதனை), ஐந்திலும் லெவல் 2, அதாவது தானே சோதித்து முடிவு எழுதலாம் என்ற தகுதி. பளபளப்பான தாள், ஹோலோகிராம், எம்பிஏ முடித்த மாதிரி ஒரு ஃபைல். அந்த ஃபைலுக்குள் எனக்குக் கண் பரிசோதனை செய்ததாகவும் ஒரு தாள் இருந்தது. இவ்வளவு தூரத்தில் இந்த அளவு எழுத்தை வாசித்தார், நிறங்களைப் பிரித்தறிந்தார் என்று கையெழுத்துப் போட்டிருந்தது. அந்த மையத்தில் ஒருவரும் என் கண்ணைப் பரிசோதித்ததே கிடையாது. இன்ஸ்பெக்டர் வேலையில் கண் பார்வைதான் முதல். அதையே பார்க்காமல் எழுதியவர்கள், மீதித் தாள்களில் போட்டிருந்த பயிற்சி மணிக்கணக்கை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஎஸ்என்டி சான்றிதழ் என்று விற்கிறார்களே, அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏஎஸ்என்டி என்பது அமெரிக்காவில் இருக்கும் ஒரு சங்கம். அவர்கள் எஸ்என்டி-டிசி-1ஏ என்று ஒரு பரிந்துரை நடைமுறை வெளியிட்டிருக்கிறார்கள். அதன்படி லெவல் 1, லெவல் 2 சான்று தர வேண்டியது வேலைக்கு வைக்கிற நிறுவனம். அந்த நிறுவனம் தனக்கென்று எழுதி வைத்த நடைமுறைப்படி (ரிட்டன் பிராக்டிஸ்), மேல்நிலைத் தகுதியான லெவல் 3 பெற்ற ஒருவர் பொறுப்பில், பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, சைட் அனுபவத்தையும் கணக்கில் எடுத்துச் சான்று தரும். கம்பெனி மாறினால் புதிய கம்பெனி மறுபடி தன் நடைமுறைப்படி பார்க்கும். யுடியில் லெவல் 2 ஆக வகுப்பு மட்டுமே சுமார் 80 மணி நேரம் வேண்டும், அதற்கு மேல் நூற்றுக்கணக்கான மணி நேரம் மெஷினோடு வேலை செய்த அனுபவம் வேண்டும். ஆக, கோச்சிங் மையம் தரும் தாளை ஏஎஸ்என்டி தந்தது என்று சொன்னால் அது பொய். அந்தச் சங்கம் நேரடியாக நடத்தும் தேர்வுகள் வேறு, அவை அவர்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கும்.

அடுத்து ஆஃபர் லெட்டர். கோர்ஸ் முடிந்து சில மாதம் கழித்து, அபுதாபியில் ஒரு கம்பெனி, கியூசி (தரக் கட்டுப்பாடு) இன்ஸ்பெக்டர், நல்ல சம்பளம் என்று பிடிஎஃப் வந்தது. இன்டர்வியூவே நடக்கவில்லை. விசா செலவுக்கு 60,000 கட்டச் சொன்னார்கள். முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். என் அத்தான் அபுதாபி முசஃபாவில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் ஃபோர்மேன். அவருக்கு அனுப்பினேன். ராத்திரியே கூப்பிட்டார். "பைசா கட்டாத மக்ளே. கம்பெனி மெயில்னா கம்பெனி பேர்ல வரும், இது சும்மா ஜிமெயில். இங்க ஆஃபர்னா மினிஸ்ட்ரி நம்பரோட வரும், அதைப் போட்டுப் பார்த்தா தெரியும். ஆள எடுக்க ஆள்கிட்ட பைசா வாங்குறது இங்க சட்டப்படியே தப்பு" என்றார். அவர் சொன்ன இன்னொன்று: பெரிய எண்ணெய் கம்பெனி புராஜெக்ட்களில் இன்ஸ்பெக்டராக நிற்க கிளையன்டின் ஒப்புதல் வேண்டும், பயோடேட்டாவில் இருக்கிற அனுபவத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள், அனுபவமே இல்லாத பையனை அங்கே யாரும் இன்ஸ்பெக்டர் என்று எழுத மாட்டார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் கூட 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். பதிவு உண்டா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் உண்டு, திருவனந்தபுரத்திலும் உண்டு. எங்கள் மையம் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

60,000 கட்ட முடியாது, அசல் சான்றிதழ்களைத் தாருங்கள் என்று கேட்டபோதுதான் சுயரூபம் தெரிந்தது. கேன்சலேஷன் சார்ஜ் என்று 25,000 கேட்டார்கள். தந்தால்தான் பாஸ்போர்ட்டும் சான்றிதழும் என்றார்கள். எல்லையில் இருக்கிற நம்மைக் குறிவைப்பதற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. இங்கே ஸ்டேஷனுக்குப் போனால், பணம் கொடுத்தது கேரளாவில், அங்கே போய்க் கொடு என்கிறார்கள். அங்கே போனால், நீ தமிழ்நாடு அல்லவா என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலைந்து பையன் சோர்ந்துபோவான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு வழி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173-ஆம் பிரிவில், குற்றம் எந்த இடத்தில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் பதியலாம் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்வது இதைத்தான். எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் அந்தப் பிரிவை மேற்கோள் காட்டிப் புகார் எழுதித் தந்தார். ஜிபே விவரம், வாட்ஸாப் பேச்சு, ஆஃபர் லெட்டர், ரசீது எல்லாம் இணைத்தோம். புகார் போன செய்தி தெரிந்ததும் பாஸ்போர்ட்டும் சான்றிதழும் ஒரு பைசா வாங்காமல் திரும்ப வந்தன. கோர்ஸ் பணத்துக்கு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019 சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

இப்போது நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் இந்தத் துறையே வேண்டாம் என்று நினைத்துவிடுவார்கள். கொச்சி அம்பலமுகள் ரிஃபைனரியில் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுத்தார். கியூசி ஹெல்பர், மாதம் 16,000. போலீஸ் சரிபார்ப்பு, மெடிக்கல், சேஃப்டி வகுப்பு எல்லாம் முடிந்துதான் கேட் பாஸ் தந்தார்கள். என் ஃபைலைப் பார்த்த சீனியர் சேட்டன் முதல் தாளைத் திருப்பி, "இது ஆரோட ரிட்டன் பிராக்டிஸ்? லெவல் த்ரீ ஆரு?" என்று கேட்டுவிட்டு மேஜை ஓரத்தில் வைத்தார். அதன் பிறகு அதை ஒருவரும் எடுக்கவில்லை. என்னிடம் தந்தது ஒரு பெயின்ட் மார்க்கர். குழாயை வெட்டும் முன்பு அதில் இருக்கும் ஹீட் நம்பரை வெட்டுப்படும் துண்டிலும் எழுத வேண்டும், குழாய்ப் பாதையைக் காட்டும் ஐசோமெட்ரிக் டிராயிங்கில் அந்த ஜாயின்டுக்கு நேரே குறிக்க வேண்டும். எந்த இரும்பு எந்த உருக்கில் வந்தது என்று பின்னால் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. பிறகு ஃபிட்டப் (வெல்டிங்குக்கு முன் துண்டுகள் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று) பார்க்கப் பழகினேன், வெல்டர் நம்பர், டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறைத் தாள்), பிறகு பிடி. துணியில் அடித்துத் துடைக்க வேண்டும் என்று கற்றது அங்கேதான். கம்பெனியே வகுப்பு எடுத்து, கண் பரிசோதனைக்கு அனுப்பி, தேர்வு வைத்துத்தான் லெவல் 2 தந்தது.

என்னைவிட நல்ல வழியும் உண்டு. படிப்பு முடித்தவுடன் மத்திய அரசின் அப்ரன்டிஸ் பயிற்சிக்கான நாட்ஸ் தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். பெட்ரோலியப் பொதுத்துறை நிறுவனங்கள் பட்டதாரி அப்ரன்டிஸ் எடுக்கும்போது அதில் பதிவு கேட்பார்கள். தென்மண்டல அப்ரன்டிஸ் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருடம் உதவித்தொகையோடு ரிஃபைனரிக்குள் நிற்கலாம், எந்த ஏஜென்டுக்கும் பணம் தர வேண்டியதில்லை. நிரந்தர வேலைக்கு கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கேட்கும் நிறுவனங்கள் உண்டு, அறிவிப்பை அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். ஏபிஐ 570 (குழாய் இன்ஸ்பெக்டர்), சிஸ்விப் 3.1 (வெல்டிங் இன்ஸ்பெக்டர்) மாதிரிச் சான்றுகளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவற்றுக்கு அனுபவத் தகுதி கேட்பார்கள். கல்லூரியை விட்டு வந்தவுடனே ஏபிஐ வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்தே எழுந்து வந்துவிடுங்கள். குவைத் போக நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அங்கே இன்ஜினீயர் என்று விசாவில் வர, 2018-இலிருந்து படித்த கோர்ஸுக்கு என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். நம் மாவட்டக் கல்லூரிகளில் படித்த பலர் இதில் மாட்டித் தவித்தார்கள்.

கோர்ஸில் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் சேருங்கள், எல்லா மையமும் மோசம் இல்லை. மெஷின் எத்தனை இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடும் லெவல் 3 யார், அவருடைய சான்று எண் என்ன என்று கேளுங்கள். போன வருடம் படித்தவர்களில் அவர்களே காட்டுகிற ஆளை விட்டுவிட்டு, நீங்களாகத் தேடிப் பிடித்த ஒருவரிடம் பேசுங்கள். பணத்தை நிறுவனக் கணக்கில், ஜிஎஸ்டி ரசீதோடு மட்டும் கட்டுங்கள். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், சரிபார்க்கக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

என்னோடு அதே மையத்தில் படித்த பையன்கள் இதைப் படித்தால், வாட்ஸாப் பேச்சை அழிக்காதீர்கள், ரசீதையும் ஜிபே விவரத்தையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் ஒரே குறை உள்ள பலர் சேர்ந்தும் புகார் போட அனுமதி கேட்கலாம். ஆனால் 2 ஆண்டுக்குள் போட வேண்டும், அதற்கு மேல் போனால் தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டிவரும். சிலருக்கு அந்தக் கெடு நெருங்கியிருக்கும், சிலருக்குக் கடந்தும் இருக்கும், இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.