ரிமோட்டை அணைத்தால் கார் நிற்கிறதா? கடையிலேயே பார்த்துவிடுங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகனின் ரிமோட் கார் மைதானத்தைத் தாண்டிச் சாலைக்கு ஓடிவிட்டது. அவன் விசையிலிருந்து விரலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை. நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல். சைக்கிளில் வந்த ஒரு சிறுமியின் முன்சக்கரத்தை ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோய், எதிர்ச்சுவரில் மோதித்தான் நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பில் இரண்டு இரவுகள் நான் தூங்கவில்லை.

சென்னையில் ஒரு கடையில் ‘செட்டிங் கூலி’ என்று 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு பொருத்திக் கொடுத்த கார் அது.

முதலில் கடைக்காரர் கொடுத்த ரிசீவர், அதாவது காருக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் கருவி, எங்கள் ரிமோட்டுடன் சேரவே இல்லை. “எல்லாம் 2.4 தான் சார், எதை வைத்தாலும் ஓடும்” என்றார். அது தவறு. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவனமும் சிக்னலை அனுப்பத் தனி முறை வைத்திருக்கிறது. ஃபுட்டாபா ரிமோட்டுக்கு ஃபிளைஸ்கை ரிசீவர் கட்டுப்படாது. ஒரே நிறுவனத்தின் பழைய முறையும் புதிய முறையும்கூடச் சில சமயம் ஒத்துவராது. கடைசியில் மேசை இழுப்பறையிலிருந்து, பெட்டி இல்லாத வேறொரு ரிசீவரை எடுத்து ரிமோட்டுடன் இணைத்தார் (பைண்ட் செய்தார்). சக்கரம் சுழன்றது, பையன் கைதட்டினான், பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். பெட்டி எங்கே என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மோதிய பிறகு காரைத் திறந்து பார்த்தேன். ரிசீவரின் ஆன்டெனா கம்பி நுனியில் வெட்டுப்பட்டிருந்தது. இந்த அலைவரிசையில் நுனியிலுள்ள சுமார் 3 சென்டிமீட்டர்தான் சிக்னலை வாங்கும் பகுதி. இதில் நகக்கண் அளவுதான் மிச்சம். நாற்பது அடி தாண்டியதும் சிக்னல் அறுந்ததற்கு அதுவே காரணம்.

சிக்னல் அறுந்தாலும் கார் நின்றிருக்க வேண்டும். அதற்குத்தான் ஃபெயில்சேஃப் என்ற அமைப்பு இருக்கிறது: தொடர்பு போனால் மோட்டாருக்குப் போகும் கட்டளை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதை அவர் அமைக்கவே இல்லை. அப்படி விட்டால், சில ரிசீவர்கள் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். பையன் அந்த நேரத்தில் விசையை முழுதாக அழுத்தியிருந்தான்.

பேட்டரியும் உப்பியிருந்தது. எங்களுடையது 7.4 வோல்ட் லிப்போ, அதாவது இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில், பேட்டரி வகைக்கு ஏற்ப லிப்போ, நிக்கல் என்று மாற்றிப் பொருத்தும் சிறு இணைப்பு இருக்கிறது; அது நிக்கல் பக்கம் இருந்தது. அதனால் உரிய நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படவில்லை. மல்டிமீட்டரில் இரண்டு செல்லுக்கும் சேர்த்து 5.2 வோல்ட் காட்டியது. உப்பிய லிப்போவை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

கடைக்கு எடுத்துப்போனேன். “மோதிய காருக்கு உத்தரவாதம் கிடையாது” என்றார். வெட்டுப்பட்ட கம்பியைக் காட்டினேன். நான்தான் வெட்டினேன் என்றார். பிறகு பையனின் முகத்துக்கு நேராக, “உனக்கு ஓட்டத் தெரியவில்லை” என்றார். பதினொரு வயதுப் பிள்ளை, ஒரு வருடம் உண்டியலில் சேர்த்த பணம். அவன் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதுகிறேன்.

யாரிடம் வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். காரை ஒரு பெட்டிமேல் ஏற்றி, சக்கரம் தரையைத் தொடாமல் வையுங்கள். விசையை லேசாக அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அப்படியே ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் காரை வாங்க வேண்டாம். வீட்டில் ஓட்டும்போது ரிமோட்டை முதலில் போட்டு, கடைசியில் அணையுங்கள்.

அவர் தந்த துண்டுச்சீட்டில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, ரிசீவரின் பெயரும் இல்லை. அதையும் படங்களையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.